காலர் சார் கட்சி மாறினார்

லிஃப்ட் நின்றுபோனால் அவருக்குப் பெயர் 'அந்த ஆளு'. "அந்த ஆளு வந்தாச்சா?", "அந்த ஆளுக்குப் போன் போட்டீங்களா?" என்று மாடிக்கு மாடி விசாரிப்பார்கள். லிஃப்ட் ஒழுங்காக ஓடினால் அவருக்குப் பெயரே கிடையாது. அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக்குக்கு அவ்வளவுதான் மரியாதை. ஆனால் கைபேசிக்குள் அவர் வேறு ஆள். அங்கே அவருக்குப் பெயர் காலர் சார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு பட்டாளமே பின்னால் நிற்கும்.

எல்லாம் ஒரு விண்கலப் படத்தால் வந்தது. முதல் பாகத்தில் கப்பல் சிப்பந்திகள் சாம்பல் நிறச் சட்டை போட்டிருப்பார்கள். கழுத்தை ஒட்டி நிமிர்ந்து நிற்கும் காலர், அதன் ஓரத்தில் கொக்கி. இரண்டாம் பாகத்தில் யாரோ ஒரு மகானுபாவர் காலரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கருநீலத் துணியில் தொண்டையிலிருந்து இடுப்பு வரை ஜிப் வைத்துவிட்டார். அந்தப் படத்தில் இரண்டு கிரகங்கள் வெடித்துச் சிதறுகின்றன. மாண்டுபோன கோடிக்கணக்கான உயிர்களைப் பற்றி ரசிகர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. காலர் போனதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

இதற்காகவே ஒரு குழு. நடத்துபவர் உள்ளூர் மருந்துக்கடைக்காரர். மெக்கானிக் அவரை நேரில் பார்த்ததில்லை. குரலும், கடை இருக்கும் தெருவும் மட்டும் தெரியும். குழுவில் நுழையும்போதே காலரா, ஜிப்பா என்று சொல்லிவிட வேண்டும். நடுநிலைக்காரர்களுக்கு இடமில்லை. பாதியில் கட்சி மாறினால் கல்தா.

"ஜிப்பு அவசரத்துக்குப் பொறந்த சாமான். கொக்கி மாட்டுறவனுக்குத்தான் நிதானம் இருக்கும். நிதானம் இல்லாதவன் கையில கப்பலைக் கொடுக்கலாமா?" என்று காலர் சார் எழுதுவார். எதிர்க்கட்சியில் ஜிப் மேடம் என்று ஒருத்தி. அவள் சும்மா விடமாட்டாள். "கப்பல்ல ஓட்டை விழுந்து காத்து வெளிய போயிட்டிருக்கு, உங்க ஆளு கொக்கியைத் தேடிட்டு நிக்கிறான். பேஷ், காலர் சார்!"

இதைப் படித்ததும் காலர் சாருக்கு வயிறு குளிர்ந்துவிடும். ஜிப் மேடம் அவர் பெற்ற மகள்.

அது அவர்கள் இருவருக்கும் தெரியும், குழுவில் வேறு ஒருவருக்கும் தெரியாது. வீட்டை விட்டுப் போனதிலிருந்து அவள் அப்பாவின் அழைப்பையும் எடுப்பதில்லை, அம்மாவின் அழைப்பையும் எடுப்பதில்லை. பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டு எங்கோ தூரத்து ஊரில் இருக்கிறாள் என்பதே உறவுக்காரர்கள் வாய்வழியாகக் கசிந்த செய்தி. மிச்சமிருந்தது இந்தச் சண்டை ஒன்றுதான். இரண்டாம் பாகம் பார்த்துவிட்டு வந்த அன்று சாப்பாட்டு மேசையில் அப்பாவும் மகளுமாகச் சிரித்துச் சிரித்து ஆரம்பித்த சண்டை. எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போனவள் இதை மட்டும் ஏன் உதறவில்லை என்று அவருக்குத் தெரியாது. கேட்டு, உள்ளதையும் கெடுத்துக்கொள்ள அவர் தயாராக இல்லை.

ஒரே ஒரு தடவை வாய் தவறி, "சாப்பிட்டியாம்மா?" என்று எழுதிவிட்டார். மாதக்கணக்கில் ஆளைக் காணோம். திரும்பி வந்தவள் எதுவுமே நடக்காதது மாதிரி, "காலர் சார், தோள்பட்டைக் கோடு பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டாள். அவருக்குப் புரிந்துவிட்டது. சட்டையைப் பற்றிப் பேசினால் மகள் உண்டு. சட்டையைத் தாண்டினால் இல்லை.

பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்காரும் அவர் மனைவிக்கு அந்தப் படத்தில் ஒரு காட்சிகூடத் தெரியாது. ஆனால் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பாள்.

"ஏங்க, அந்தப் பக்கம் பயங்கரக் குளிராம். கம்பளி கிம்பளி வச்சிருக்காளான்னு கேளுங்க."

"அப்படியெல்லாம் கேக்க முடியாதுடி."

"சட்டையை வச்சுக் கேளுங்களேன். அதுலதான் நீங்க பெரிய ஆளாச்சே."

கேட்டார். "அந்த நீலச் சட்டை ரொம்ப மெல்லிசு. வெளிக் கிரகத்துக் குளிரைத் தாங்குமா?" பதில் வந்தது: "உள்ள லைனிங் இருக்கு, சார். கவலைப்படாதீங்க." மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். "கவலைப்படாதீங்கன்னு போட்டிருக்கா, பாத்தீங்களா?" என்றாள்.

இன்னொரு நாள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "விசேஷம் ஏதாவது உண்டான்னு..." என்று இழுத்தாள். காலர் சார் கைபேசியை எடுத்தார். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார்: "சிப்பந்திக்கு உடம்பு பெருத்தா ஜிப் சட்டையில இடுப்பைத் தளர்த்த வழி உண்டா?" குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. ஜிப் மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "வழி இருக்கு. இப்போதைக்குத் தேவைப்படல." அன்றைக்குச் சமையலறையில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே கீழே வைக்கப்பட்டன.

அவள் வீட்டை விட்டுப் போனதற்குக் காரணம் கல்யாணம் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். உண்மையில் காரணம் ஒரே ஒரு சொல். தனக்குப் பிடித்தவனைப் பற்றி அவள் முதலில் சொன்னது அப்பாவிடம்தான். சமையலறையில், சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சொன்னாள். "பெரியப்பா வரும்போது நானே பேசுறேன். நீ வாயே திறக்க வேணாம். நான் இருக்கேன்ல?" என்றார் அவர். பெரியப்பா வந்தார். கூடத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். "இந்தக் கூத்தெல்லாம் நம்ம குடும்பத்துல உண்டாடா?" என்றார். அந்தரத்தில் நிற்கும் லிஃப்டின் தலைமேல் ஏறி நின்று வேலை செய்கிற மனிதர், அண்ணன் செருமியதும், "அதானே! நானும் அதைத்தாண்ணே சொல்லிட்டிருந்தேன்" என்றார். மகள் வாசற்படியில் நின்று அவரையே பார்த்தாள். மறுநாள் அவள் அறையில் கட்டில் மட்டும் இருந்தது.

இப்படியாக, சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடிய பிழைப்பில் ஒரு நாள் சமாதானம் வந்து தொலைந்தது.

அன்றைக்கு அவர் ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருந்தார். லிஃப்ட் கடைசியாக வந்து நிற்கும் தரைக்கும் கீழே உள்ள பள்ளம் அது. மேலே இருப்பவர்கள் கதவிடுக்கில் நழுவவிட்ட சாவி, சீப்பு, பொம்மைக் கை எல்லாம் அங்கேதான் வந்து சேரும். சிக்னல் மட்டும் சேராது. ஏறி வந்து, கிரீஸ் கையைத் துடைத்துவிட்டுக் கைபேசியைப் பார்த்தால், செய்திகள் குவிந்து கிடந்தன. மூன்றாம் பாகத்தின் முதல் புகைப்படம் வெளியாகியிருந்தது. சாம்பலும் நீலமும் கலந்த துணி. நிமிர்ந்த காலர். அந்தக் காலருக்குக் கீழே ஜிப்.

குழுவில் ஒரே கொண்டாட்டம். நேற்று வரை ஒருவரை ஒருவர் குருடன் என்று திட்டிக்கொண்டவர்கள் பூங்கொத்துப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு கட்சியும் ஜெயிச்சாச்சு!" என்று எழுதியிருந்தார் தோள்பட்டை, சட்டையில் தோளைத் தவிர வேறு எதையும் பார்க்காத ஜிப் கட்சிக்காரர். மருந்துக்கடைக்காரர் அறிவித்திருந்தார்: "வந்த வேலை முடிஞ்சுது. சாயங்காலம் கடையைச் சாத்தும்போது குழுவையும் சாத்திடுறேன். எல்லாருக்கும் நன்றி." அதற்கும் கீழே ஜிப் மேடம்: "வாழ்த்துகள், காலர் சார். நல்லா சண்டை போட்டீங்க. வரேன்."

வீட்டை விட்டுப் போனபோதுகூடச் சொல்லாத 'வரேன்'.

"என்ன சார், முகமே சரியில்லையே? வீட்டுல யாருக்காவது ஏதாவது...?" என்றார் காவலாளி.

"சமாதானம் ஆயிட்டாங்கய்யா."

"நல்லதுதானே?"

"நாசமாப் போச்சு."

படிக்கட்டில் உட்கார்ந்து சண்டை தேட ஆரம்பித்தார். "சட்டைப் பையைக் கவனிச்சீங்களா? மூடியே இல்ல. இது அநியாயம்." அதற்கு வந்த பதில்: "பை கெடக்கட்டும் சார், சந்தோஷமா இருங்க." முத்திரை வலது பக்கம் போயிருக்கிறதே என்றார். ஜிப் மேடம் ஒரு கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டினாள். கட்டைவிரலோடு எவ்வளவு நேரம் பேச முடியும்?

மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"சார், குழுவை மூடாதீங்க. எனக்கு இன்னும் திருப்தியில்ல."

"கேட்ட காலர் கிடைச்சாச்சு. இனிமே என்ன, காலருக்கு ஒரு காலர் வைக்கணுமா?"

"ஒரு வாரம் பொறுங்க சார். உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்."

"சட்டைக்கா சார் இவ்வளவு? விடுங்க, கடையில கூட்டம் நிக்குது."

மேல்மாடியிலிருந்து ஓர் அம்மாள், "அந்த ஆளு இன்னும் முடிக்கலையா?" என்று கத்தினாள். அந்த ஆளுக்குக் காது அடைத்துப்போயிருந்தது. கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பொருள்தான். அதையும் போட்டு எரித்தால் கொஞ்ச நேரம் தீ நிற்கும். தீயைப் பார்த்து அவள் திரும்பி வருவாள். எழுதினார்:

"உண்மையைச் சொல்லிடுறேன். காலரே தப்பு. ஆரம்பத்துலேர்ந்தே தப்பு."

குழுவில் இடி விழுந்தது. காலர் கட்சிக்காரர்கள் துரோகி என்றார்கள், விலைபோனவர் என்றார்கள். தோள்பட்டை குதூகலத்தோடு கேட்டார்: "அப்போ இத்தனை வருஷமா நாங்க சொன்னதுதான் சரின்னு ஒத்துக்கறீங்களா?"

காலர் சாரின் விரல், அவரைக் கேட்காமலேயே, எழுதி அனுப்பிவிட்டது: "அதானே! நானும் அதைத்தான் சொல்லிட்டிருந்தேன்."

அனுப்பிய பிறகுதான் படித்தார். படித்ததும் அவசரமாக அழிக்கப் போனார்.

ஜிப் மேடம் எழுதினாள்: "அதானே."

கொஞ்சம் பொறுத்து: "அன்னைக்கும் இதேதான் சொன்னீங்க."

"என்னைக்கு மேடம்? பெல்ட் விவாதத்துலயா?" என்று நுழைந்தார் தோள்பட்டை.

"உங்களை நம்பி ஒருத்தி வாசல்ல நின்னா. எதிர்ல ஒருத்தர் தொண்டையைச் செருமினா போதும், உங்க காலர் கழண்டுடும்."

"சூப்பர், மேடம்! செம அடி!" என்றார் தோள்பட்டை. குழுவில் கைதட்டல்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஒருத்தி வருஷக்கணக்காகத் தொண்டையில் வைத்திருந்ததைத் துப்பியிருக்கிறாள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

அவர் எழுதினார். எழுத்து கலங்கிக் கலங்கித் தெரிந்தது. "ஆமாம்மா. அன்னைக்கு நான் பயந்துட்டேன். உனக்காகப் பேசறேன்னு சொல்லிட்டு..." முழுதும் எழுதி முடித்து அனுப்பினால், போகவில்லை. அவர் இப்போது அந்தக் குழுவில் இல்லை.

"கட்சி மாறினா கல்தான்னு சட்டம் போட்டதே நீங்கதானே சார்?" என்றார் மருந்துக்கடைக்காரர், போனில். "மூடுற நாளா இருந்தாலும் சட்டம் சட்டம்தான்." அது உண்மை. சட்டம் கொண்டுவந்தது காலர் சார்தான். அன்றைக்கு எல்லாரும் கைதட்டினார்கள்.

வேலையை எப்படி முடித்தார், எந்த பஸ்ஸில் ஏறினார் என்று அவருக்கு நினைவில்லை. வீட்டில் கூடத்தின் நடுவே நின்றுகொண்டே மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"குழுவை மூடிட்டாரா?"

"கடையைச் சாத்தும்போதுன்னார்."

அவள் ஜன்னல் வழியாக வெளிச்சத்தைப் பார்த்தாள். தன் கைபேசியை எடுத்தாள். "அந்த மனுஷன் நம்பர் சொல்லுங்க."

"நீ எதுக்கு?"

"சேர்றதுக்கு."

மருந்துக்கடைக்காரர் எதிர்முனையில் சிரித்தார். "பந்தலைப் பிரிக்கிற நேரத்துல யாரும்மா வர்றது? சரி, வாங்க. காலரா, ஜிப்பா?"

அவள் கைபேசியைப் பொத்திக்கொண்டு, "அவ எது?" என்றாள்.

"ஜிப். ஆனா நீ காலர்னு சொல்லு. எதிர்க்கட்சியா இருந்தாத்தான் பேசுவா. எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சது போதும்ங்க. அன்னைக்கு நானும் அந்த வாசல்லதான், அவளை ஒட்டி நின்னேன். வாயைத் திறந்தேனா?" பொத்திய கையை எடுத்தாள். "ஜிப்புங்க" என்றாள்.

குழுவில் ஒவ்வொருவராக விடைபெற்று வெளியேறிக்கொண்டிருந்தார்கள். ஜிப் மேடம் பெயர் இன்னும் இருந்தது. "எழுது, எழுது," என்று அவர் பறந்தார், "காத்து வெளிய போற நேரத்துல ஒரே இழுப்புல மூடிக்கலாம், கையுறையோட மாட்டலாம்..." ஜிப்புக்கு ஆதரவான வாதங்கள் அத்தனையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம், இத்தனை வருஷம் அவற்றோடுதானே மல்லுக்கட்டினார். அவள் காதில் வாங்கவில்லை. ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி எழுதினாள்: "நான் ஜிப் பக்கம். அம்மா."

செய்தி போனது. படிக்கப்பட்டது.

"ஏன்?" என்று கேட்டாள் ஜிப் மேடம்.

அவர் வாயைத் திறக்கப் போனார். "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் மனைவி. எழுதினாள்: "எனக்கு அந்தப் படம் தெரியாது. நீ சொல்லு. கேட்டுக்கறேன்."

மகள் பெயருக்குக் கீழே மூன்று புள்ளிகள் துள்ள ஆரம்பித்தன. எழுதுகிறாள். நின்றன. மறுபடி துள்ளின. வெளியே தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. எங்கோ ஒரு கடையின் இரும்புக் கதவு கடகடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. மருந்துக்கடையும் சாத்தும் நேரம்தான் என்று காலர் சாருக்கு உறைத்தது. செருப்புக்குக்கூட நிற்காமல் ஓடினார்.

மருந்துக்கடைக்காரர் கதவைப் பாதிக்கு இறக்கிவிட்டு, ஒரு கையில் பூட்டும் மறு கையில் குழு இன்னும் திறந்திருந்த கைபேசியுமாக நின்றிருந்தார். வெறுங்காலோடு மூச்சு வாங்க வந்து நின்ற ஆளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"கடை சாத்தியாச்சு."

"அவசரம் சார்." இரைப்பில் குரலும் அவர் குரலாக இல்லை.

அவர் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முனகியபடி கதவை மேலே தள்ளினார். "என்ன வேணும்?"

"இருமலுக்கு ஏதாவது."

"வறட்டு இருமலா, சளி இருமலா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் சார்?" என்று கேட்டு, கண்ணாடி மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார் லிஃப்ட் மெக்கானிக். "கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்க."