வாயைத் திறந்த மென்பொருள்

அன்னம்மாள் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். சொந்த ஊர் திருப்புட்குழி. அப்பா சாமுவேல் பெயிண்டர். மகள் கடை போட்டபோது பெயர்ப்பலகையை அவரே எழுதி மாட்டினார். கடைக் கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் கிடையாது, எல்லாமே லினக்ஸ். வைரஸ் தொல்லை இல்லையென்று போட்டவள், போகப்போக அதிலேயே ஊறிப்போனாள்.

2012-இல் லினக்ஸின் புதுப் பதிப்புக்கு மாறினாள். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் மற்ற புரோகிராம்களையெல்லாம் கிளப்பிவிடுகிற வேலையை அதில் ஒரே பெரிய மென்பொருள் எடுத்துக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் ஸ்கிரிப்டுகள் என்கிற சின்னச் சின்னக் கட்டளைக் கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்த வேலை அது. புதியது பலவற்றை ஒரே நேரத்தில் தொடங்கியதால் பாதி நேரத்தில் திரை வந்துவிடும். அவளுக்குப் பிடித்திருந்தது.

பிளஸ் டூ ரிசல்ட் அன்று கடை நிரம்பியிருந்தபோது கரண்ட் போய் வந்தது. ஒரு கம்ப்யூட்டர்கூட எழவில்லை. கறுப்புத் திரையில் ஓர் எழுத்தும் இல்லை. காத்திருந்த பிள்ளைகள் எதிர்க்கடைக்கு ஓடினார்கள். மத்தியானத்துக்கு மேல்தான் காரணம் பிடிபட்டது: எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான கோப்புகளை வைத்திருந்த கடையின் சர்வர், கரண்ட் போனதில் பழுதாகியிருந்தது. அது பதில் சொல்லட்டும் என்று எல்லாக் கம்ப்யூட்டரும் வாய் திறக்காமல் காத்துக்கொண்டிருந்தன.

நானும் அன்னம்மாளும் போய்வந்த எங்கள் ஊர் லினக்ஸ் குழு ஞாயிறுதோறும் சின்ன காஞ்சிபுரத்தில் ராமானுஜ் வீட்டு மாடியில் கூடும். ராமானுஜுக்கு ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பு. அன்னம்மாள் நடந்ததைச் சொன்னதும், அந்த பூதத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பழைய ஸ்கிரிப்டுக்கே திரும்பச் சொன்னார். ஒரு புரோகிராம் ஒரு வேலைதான் செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. புதியதன் வேகத்தை விட மாட்டோம் என்ற எதிர்க்கட்சியும் அங்கேயே இருந்தது. மழைக்காலம் வரைக்கும் வேறு பேச்சே இல்லை. இரண்டு பேர் முகம் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அன்னம்மாள் எந்தப் பக்கமும் சேரவில்லை. “வேகமா இருக்குது சார், நல்லதுதான். ஆனா எதுக்கு நின்னுக்கினு இருக்குதுன்னு சொல்லணுமில்ல?” என்றாள்.

அதையே அந்த மென்பொருளை எழுதுகிறவர்கள் மின்னஞ்சலில் பேசிக்கொள்கிற மெயிலிங் லிஸ்டுக்கும் எழுதினாள். மென்பொருளின் நிரல் எல்லோருக்கும் திறந்துதான் கிடக்கிறது, படித்துப் பார் என்று ஒரே வரியில் பதில் வந்தது. மட்டம் தட்டத்தான் அப்படி எழுதினார்கள். அவள் உண்மையிலேயே படித்தாள். வாடிக்கையாளர் வந்தால் எழுந்து போவாள். திரும்பி வந்து விட்ட இடத்தைத் தேடுவாள். பல மாதம் கழித்து ஒரு திருத்தம் எழுதி அனுப்பினாள். எதற்காகக் காத்திருக்கிறது என்று மென்பொருள் திரையில் சொல்லும். அது வராவிட்டால் கொஞ்ச நேரத்தில் அதை விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

லிஸ்டில் தீப்பிடித்தது. ஏற்கெனவே சிக்கலானதை இன்னும் சிக்கலாக்குகிறாள் என்று ஒரு சாரார். ஒட்டுப்போடாமல் அந்த மென்பொருளையே ஒழித்துக்கட்டுங்கள் என்று இன்னொரு சாரார். நடுவில் ராமானுஜின் மெயில் வந்தது. யாரிடமும் சொல்லாமல், கல்லூரி லேபின் பழைய கம்ப்யூட்டர்களில் அவள் திருத்தத்தைப் போட்டு, வேண்டுமென்றே சர்வரை அணைத்துச் சோதித்திருந்தார். இந்த மென்பொருளை நான் இன்னமும் எதிர்க்கிறேன், ஆனால் இந்தத் திருத்தத்துக்குப் பிறகுதான் இது என்ன செய்கிறது என்று எனக்கே புரிகிறது என்று எழுதியிருந்தார். எதிரியே சாட்சி சொன்னபிறகு எதிர்ப்பு அடங்கியது. அடுத்த வாரம் திருத்தம் மென்பொருளில் சேர்ந்தது.

புதுப் பதிப்பு வந்த அன்று கடையில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். திரையில் மென்பொருளை எழுதியவர்கள் பெயர்களுக்கிடையே அவள் பெயர் வந்ததும் சாமுவேல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலேயும் கீழேயும் இருப்பவர்கள் எந்த தேசத்துக்காரர்கள் என்று கேட்டார். ஜெர்மனி, பிரேசில் என்று அவள் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த வருஷம் சென்னையில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் பேச அவளைக் கூப்பிட்டார்கள். நீங்கள் சின்ன ஸ்கிரிப்ட் கட்சியா, பெரிய மென்பொருள் கட்சியா என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

“எங்க ஊர்ல கரண்ட் போவும். வந்தா எழுந்துக்கணும். எழ முடியலன்னா ஏன்னு சொல்லணும். அதைச் செய்யறது எதுவோ அதான் என் கட்சி” என்றாள்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. சாப்பாட்டு வரிசையில் ராமானுஜ் தட்டோடு வந்து, அவள் சொன்னதில் பாதி தப்பு என்று ஆரம்பித்தார். எந்தப் பாதி என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். வரிசை நகர்ந்தது, இருவரும் நகரவில்லை.