குணேஸ் அக்கா ஏன் கை நனைக்கவில்லை

எங்கட குணேஸ் அக்காவைப் பற்றிப் பாலையூற்றில ஆரைக் கேட்டாலும் ரெண்டு விசயம் சொல்லுவினம். ஒண்டு, அவ அவிக்கிற பிட்டு. மற்றது, அவவின்ர பெருமை. பிட்டுக் கதை உண்மை. பெருமை எண்டது முழுப் பொய். அந்தப் பொய்யை ஊர் நம்பிறதுக்கு வழி விட்டதும் அவவேதான். நினைச்சா எனக்கு இண்டைக்கும் விசர் வரும்.

நான் சுலோஜனா, மதிலுக்கு இங்கால வீடு. கந்தோர் வேலைக்குப் போய்வர ஒரு பழைய ஸ்கூட்டர் வச்சிருக்கிறன். பொறுமை காணாத பொம்பிளை எண்டு என்னைப் பெத்தவையே சொல்லுவினம். குணேஸ் அக்காவுக்கு ஐம்பத்து நாலு வயசு. அவவின்ர மனுசன் காசிநாதர் துறைமுகத்தில காவலாளி. சிந்துஜன் எண்டு ஒரேயொரு மகன்.

விசயம் என்னெண்டா, குணேஸ் அக்காவுக்கு பஸ்ஸில ஏறினாச் சத்தி வரும். சும்மா தலைச்சுத்து இல்லை. பஸ் அசையத் தொடங்க வயித்தைப் பிரட்டும், பிறகு குடலே வெளியில வாற மாதிரி எடுத்துத் தள்ளும். வான் எண்டாலும் அதுதான், கார் எண்டாலும் அதுதான். தேசிக்காய் மணந்து பாத்தா, இஞ்சி சப்பிப் பாத்தா, முன் சீற்றில இருந்து பாத்தா. ஒண்டுக்கும் மசியேல்லை.

இதில வெக்கப்பட என்ன கிடக்கு எண்டு கேப்பியள். நானும் கேட்டனான். அவவுக்கு நாப்பத்தஞ்சு வயசில, கிண்ணியாவுக்குப் போற பஸ்ஸில, பக்கத்தில இருந்த ஒருத்தற்ற வெள்ளைச் சேட்டில எடுத்துப்போட்டா. அந்த மனுசன் ஒண்டும் சொல்லேல்லையாம். பின்னால இருந்த ஒரு பொம்பிளைதான், "என்னக்கா, இந்த வயசிலயும் விசேசமோ?" எண்டு கேட்டிருக்கிறா. பஸ் முழுக்கச் சிரிப்பாம். அண்டையோட குணேஸ் அக்கா பஸ்ஸுக்குக் கும்பிடு போட்டா. டவுணுக்கு நடை, இல்லாட்டிக் காசிநாதற்ற சைக்கிள் கரியர். கலியாணவீடு, செத்தவீடு எண்டு ஆர் கூப்பிட்டாலும் ஏதாவது ஒரு சாட்டு. மனுசனைத் தன்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ண வச்சிருக்கிறா, ஆருக்கும் உண்மையைச் சொல்லக்கூடாதெண்டு. அந்தாளும் வாயே திறக்கேல்லை.

மூண்டு வருசத்துக்கு முன்னால சிந்துஜனுக்கு ஈச்சிலம்பற்றில கலியாணம் பொருந்திச்சு. பொம்பிளை கிருசாந்தினி. தோணியும் கொஞ்ச வயலும் உள்ள குடும்பம். எங்கட பக்கத்தில மாப்பிளைதானே பொம்பிளை வீட்டுக்குப் போய் இருக்கிறது. கலியாணத்துக்கு வான் பிடிச்சினம். பாலம் பாலமாத் தாண்டி எழுபது கிலோமீற்றர் கிட்ட ஓட்டம். குணேஸ் அக்கா ரெண்டு குளிசையைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு போய் இறங்கினா. இறங்கேக்க உடம்பில உயிர் இல்லை.

தாலி கட்டி முடிய, சம்பந்தி அன்னப்பிள்ளை தன்ர கையால வாழையிலை போட்டு, தங்கட வயல் அரிசிச் சோறும் எட்டுக் கறியும் வச்சுக் கூப்பிட்டிருக்கிறா. முதன்முதலாச் சம்பந்தி வீட்டுக்குப் போனா ஒரு வாயெண்டாலும் சாப்பிடோணும். கை நனைக்கிறது எண்டு சொல்லுறது அதைத்தான். கை நனைக்காட்டி, உங்கட வீட்டுச் சோறு எனக்கு வேண்டாம், உங்கட உறவும் வேண்டாம் எண்டு அர்த்தம். குணேஸ் அக்காவுக்குச் சோத்து மணம் மூக்கில பட்டதும் தொண்டைக்குள்ள வந்திட்டுது. ஒரு வாய் வச்சாலும் இலையிலயே எடுத்துப்போடுவா. அப்ப சொன்னா பாருங்கோ ஒரு கதை: "எனக்கு விரதம்."

புதன்கிழமை. அமாவாசையும் இல்லை, பறுவமும் இல்லை. என்ன கண்டறியாத விரதம்?

அன்னப்பிள்ளை இலையை மடிச்சு எடுத்தாவாம். அதோட முடிஞ்சுது. "கடற்கரைச் சனமெண்டு எங்கட வீட்டில கை நனைக்கேல்லை" எண்ட கதை வெருகல் வரைக்கும் போயிட்டுது. மகன் அங்க இருக்கிறான், தாய் ரெண்டு வருசமா எட்டியும் பாக்கேல்லை. காசிநாதர் தனியாப் போய்வருவார். வரேக்க ஒவ்வொரு முறையும் மூஞ்சை தொங்கிப்போய் வருவார்.

போன வருசம் கிருசாந்தினிக்கு அஞ்சு மாசம் எண்டு செய்தி வந்துது. அதோட அன்னப்பிள்ளையும் ஒரு சொல் சொல்லிவிட்டா: "பிள்ளையின்ர முப்பத்தொண்டுக்குச் சம்பந்தி வரோணும். வந்து சாப்பிடோணும். இல்லாட்டிப் பிறகு பேரப்பிள்ளை எண்டு சொல்லிக்கொண்டு இந்தப் படலையைத் திறக்க வேண்டாம்." பிள்ளை பிறந்த துடக்குக் கழிக்கிற அந்த முப்பத்தோராம் நாளைத்தான் சொன்னவ.

அண்டைக்குப் பின்னேரம் குணேஸ் அக்கா மதிலடியில நிண்டு அழுதா. அப்பதான் எனக்கு உண்மை முழுக்கத் தெரியும். பதினாறு வருசம் பக்கத்து வீடு, எனக்கே சொல்லேல்லை. நல்லாப் பேசிப்போட்டன். "சத்தி வாறது ஒரு வருத்தம். அதைப் போய்ப் பெருமையாக்கி வச்சிருக்கிறியளே அக்கா, உங்களுக்கு மூளை கீளை இருக்கே?" எண்டு கேட்டன். அவ மூக்கைச் சிந்திக்கொண்டு, "சொல்லு, சொல்லு" எண்டா.

அடுத்த நாள் காசிநாதர் சைக்கிளோட வேலைக்குப் போயிட்டார். அவவுக்கு டவுணில மருந்து எடுக்கவேணும், நடக்கக் கால் நோ. ஏறுங்கோ எண்டு ஸ்கூட்டரில பின்னால ஏத்தினன். என்ர இடுப்பைப் பிடிச்ச பிடியில எனக்கு மூச்சு வரேல்லை. மருந்துக்கடை வாசலில இறங்கி அப்பிடியே நிக்கிறா. "என்னக்கா?" எண்டன். "எனக்கு ஒண்டும் செய்யேல்லை, சுலோ" எண்டா. காத்து முகத்தில அடிச்சதாலயோ, றோட்டைப் பாத்துக்கொண்டு வந்ததாலயோ, தெரியாது. வயித்தைத் தடவித் தடவிப் பாக்கிறா, நம்பேலாமல்.

திரும்பி வரேக்க பின்னுக்கு இருந்தபடி கேட்டா: "ஈச்சிலம்பற்றுக்கு என்னை ஏத்திக்கொண்டு போறியா?"

"ஏலாது. எனக்கு முதுகு நோ. கிண்ணியா தாண்டினா ரெண்டு துண்டாப் போயிடுவன். மகனை வந்து ஏத்தச் சொல்லுங்கோ."

"போக ஒருத்தரைப் பாத்து, வர ஒருத்தரைப் பாத்து, நான் என்ன பார்சலே? நான் ஓடுறன். நீ பின்னால இரு."

நான் சிரிச்சிட்டன். வாயைக் குடுத்து மாட்டிக்கொண்டது எனக்குப் பிறகுதான் விளங்கிச்சு.

மூண்டு நாள் நான் பழக்கினன். நாலாம் நாள் கத்தினன், அவவும் திருப்பிக் கத்தினா, ரெண்டு பேரும் ஒரு கிழமை கதைக்கேல்லை. பிறகு கிண்ணியாவில பொம்பிளையளுக்கு ஸ்கூட்டர் பழக்கிற நஜ்முன் நிஸாவிட்ட விட்டன். அவ தங்கமான மனுசி. கிழமையில ரெண்டு நாள் இஞ்சால வந்து, மைதானத்தில ஓடவிட்டு, "விழுந்தா எழும்பலாம் தாத்தா, பயத்தில பிரேக்கை இறுக்காதீங்க" எண்டு ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லுவா. மூத்த பொம்பிளையளை முஸ்லிம் ஆக்கள் தாத்தா எண்டுதான் கூப்பிடுறது. குணேஸ் அக்காவுக்கு அந்தப் பேரில ஒரே சந்தோசம்.

காசிநாதர் மட்டும் சாடையா இழுத்தார். "இந்த வயசில விழுந்து கையைக் காலை முறிச்சா ஆர் பாக்கிறது?" எண்டார். அக்கா அவரைத் திரும்பிப் பாத்து, "முப்பது வருசமா நான் உங்களைப் பாக்கேல்லையே? நீங்கள் ரெண்டு மாசம் பாருங்கோ" எண்டா.  அடுத்த நாள் அவரே போய் ஹெல்மெற் வாங்கிக்கொண்டு வந்தார்.

எழுத்துச் சோதினை ஒரே தரத்தில பாஸ். ஓட்டச் சோதினையில முதல்தரம் காலை நிலத்தில ஊண்டிப்போட்டா, பெயில். மற்றத்தரம் பாஸ். பிள்ளை பிறந்து பன்ரெண்டாம் நாள் லைசன் கையில வந்துது. பிறந்தது பெடியன். போட்டோவை எனக்கு ஒரு பத்துத்தரம் காட்டியிருப்பா.

முப்பத்தோராம் நாள் விடியக் காலமை வெளிக்கிட்டம். அவ சீலையை மடிச்சு சீற்றுக்குக் கீழ வச்சிட்டு, மகள் இல்லாத வீட்டில எங்க கண்டெடுத்தாவோ, ஒரு சல்வார் போட்டிருந்தா. நான் பின்னால. உண்மையைச் சொல்லுறன், பயத்தில எனக்குத்தான் வயித்தைப் பிரட்டிச்சு. கிண்ணியாப் பாலத்தில ஏறேக்க கடல் காத்து இழுக்கும், நான் கண்ணை மூடினன். இவ என்னடாவெண்டா பாலத்தில நிண்டு மீன் பிடிக்கிறவைக்குத் தலையாட்டிக்கொண்டு போறா. மூதூரில நிப்பாட்டித் தேத்தண்ணி குடிச்சம். சேருநுவர தாண்ட றோட்டோரத்தில யானை இலத்தி கிடந்துது. "போங்கோ, போங்கோ" எண்டு நான் முதுகில குத்தினன். "நீ சும்மா இரன், எனக்குக் கவனம் சிதறுது" எண்டு பேச்சும் வாங்கினன். இவ்வளவு காலமும் இந்த மனுசியை ஒரு மூலையில இருத்தி வச்சது ஒரு பஸ் எண்டு நினைக்க எனக்கு வயித்தெரிச்சலா இருந்துது.

ஈச்சிலம்பற்றில அந்தப் படலையடியில ஸ்கூட்டரை நிப்பாட்ட, சிந்துஜன் ஓடி வந்தான். "அம்மா, நீங்களே ஓடினீங்கள்?" எண்டு கேட்டவன், பிறகு ஹெல்மெற்றை வாங்கிக் கையில வச்சுக்கொண்டு நிண்டான். முதல் நாளே பஸ்ஸில வந்து சேர்ந்த காசிநாதர் கதிரையால எழும்பி, ஸ்கூட்டரைச் சுத்திப் பாத்திட்டு மனிசியைப் பாத்துச் சிரிச்சார்.

அன்னப்பிள்ளை வெளியில வரேல்லை. கிருசாந்தினியிட்டக் குடுத்து ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி அனுப்பினா, அவ்வளவுதான். வந்த சனமெல்லாம் எங்களைப் பாக்குது, குசினியைப் பாக்குது.  வராந்தாவில பந்திக்கு இலை போடப் போகினம், பந்தியில இருந்து சாப்பிட்டா விசயம் முடிஞ்சுது, பேசாமல் இருங்கோ எண்டு அவவின்ர காதுக்குள்ள சொன்னன். அவ கேக்கேல்லை. தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சிட்டு, எழும்பி நேரா குசினிக்குள்ள போனா. நானும் பின்னால போனன்.

அன்னப்பிள்ளை அடுப்படியில குந்தியிருந்து கறி துழாவிக்கொண்டிருந்தா. மெலிஞ்ச மனுசி. நிமிந்து பாக்கேல்லை.

"சம்பந்தி, எனக்கு பஸ்ஸில வானில ஏறினாச் சத்தி வரும்" எண்டா குணேஸ் அக்கா. "சின்னனில இருந்து அப்பிடித்தான். கலியாணத்தண்டைக்குச் சோத்தைக் கண்டதும் வயித்தைப் பிரட்டினது. உங்கட இலையில எடுத்துப்போட்டிடுவன் எண்ட பயத்தில விரதம் எண்டு பொய் சொன்னனான்."

அன்னப்பிள்ளை அகப்பையை வச்சா. "அதுக்கு அப்பிடியே சொல்லியிருக்கலாமே?"

"வெக்கமா இருந்துது."

"உங்களுக்கு வெக்கம்." அன்னப்பிள்ளை இப்பதான் நிமிந்து பாத்தா. "நான் அந்த இலையைத் தூக்கிக்கொண்டு போய் எங்க இருந்து அழுதனான் எண்டு தெரியுமே? கோழிக்கூட்டுக்குப் பின்னால. பிள்ளையின்ர கலியாணத்தண்டைக்கு. எங்களை மனுசராய் எண்ணேல்லை எண்டு ரெண்டு வருசம் நினைச்சுக்கொண்டு திரிஞ்சன்."

  சத்தி எடுத்தா நாலு பேர் சிரிப்பினம் எண்டு இவ பயந்தா, அந்தப் பயத்துக்கு இந்த மனுசி ரெண்டு வருசம் அழுதிருக்கிறா. அதை அக்கா அப்பதான் விளங்கினா. அவவின்ர முகத்தைப் பாக்க எனக்கே பாவமாய்ப் போச்சு. "பிழை என்னிலதான்" எண்டு சொல்லி, அந்த அடுப்படியில, அன்னப்பிள்ளைக்குப் பக்கத்தில நிலத்தில இருந்திட்டா.



பிறகு குணேஸ் அக்காவேதான் கேட்டா: "பந்தி வரைக்கும் பொறுக்க ஏலாது, சம்பந்தி. விடிய வெளிக்கிட்டது, சரியான பசி. சோறு வெந்திட்டுதோ?"

அன்னப்பிள்ளை ஒரு நிமிசம் அவவையே பாத்தா. பிறகு சீலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சுப்போட்டு எழும்பி, ஒரு சாப்பாட்டுக் கோப்பை நிறையச் சோறு போட்டா. கணவாய்க் கறி விட்டா, இறால் வச்சா, பருப்பு விட்டா, இன்னும் ஒரு கரண்டி கணவாய் விட்டா. குணேஸ் அக்கா குசினி நிலத்தில இருந்தபடியே குழைச்சு வாயில வச்சா.  ஒண்டும் செய்யேல்லை. அடுத்த வாய் வச்சா. பிறகு கோப்பையை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டா. அப்பாடா எண்டு எனக்குக் கண்ணீரே வந்திட்டுது. வாசல்படியில நிண்ட காசிநாதர் திரும்பிப்போய் முற்றத்தில ஆரோடயோ பெரிய சத்தமாக் கதைக்கத் தொடங்கினார்.

கிருசாந்தினி பிள்ளையைக் கொண்டுவந்தா. அக்கா அவசரமாக் கையைக் கழுவ எழும்பினா. அன்னப்பிள்ளை பிள்ளையை வாங்கித் தன்ர மடியில வச்சுக்கொண்டு, அவவின்ர தோளைப் பிடிச்சு இருத்தினா.

"ஆறுதலாச் சாப்பிட்டிட்டுத் தூக்குங்கோ, சம்பந்தி. உங்களுக்கென்ன, பின்னேர பஸ்ஸுக்கே ஓடவேணும்?"