வலிக்காத தீப்புண்

வெல்ட் ஷாப்பில் யாருக்கும் குளிர்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கார்த்திகை மழை கொட்டினாலும் அங்கே ஏப்ரனுக்குள் சட்டை வியர்வையில் ஊறித்தான் கிடக்கும். அன்று காலை ஷிஃப்டில், டீ பிரேக்குக்குச் சற்று முன்னால், எனக்குக் குளிர்ந்தது. முழங்காலில் தொடங்கி முதுகுவரை ஏறியது. கையிலிருந்த வெல்டிங் டார்ச் நடுங்கி ஒரு வெல்டு கோணிப்போனது. சூப்பர்வைசர் ஓடி வந்து பார்த்தார். முதலில் கோணிப்போன பாகத்தைப் பார்த்தார், அப்புறம் என்னை.

காரணம் தெரியாத காய்ச்சலோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும், அவர்களுக்குத் துணையாக வந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். முக்கியமாக, ஞாயிற்றுக்கிழமையானால் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாக மலைப்பக்கம் போகிறவர்களுக்கு. நான் மருத்துவன் அல்ல. டாக்டர்கள் சொல்லி எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

என் ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனிக்கு வெல்டராக வந்தவன், பக்கத்துச் சேரப்பணஞ்சேரிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். மனைவி பெயர் ஸ்டெல்லா. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள்.

எனக்குச் சத்தம் ஆகாது. சத்தம் ஆகாதவன் வெல்ட் ஷாப்பில் போய் வேலைக்குச் சேர்ந்தது என் தலையெழுத்து. ஒரு பக்கம் பிரெஸ் மெஷின், ஒரு பக்கம் கிரைண்டர், நடுவில் நான். இயர் பிளக் போட்டாலும் சத்தம் தாடை எலும்பு வழியாக உள்ளே வந்துவிடும். வீட்டுக்கு வந்தால் ஒரே காம்பவுண்டில் வரிசையாக வீடுகள், வீட்டுக்கொரு டிவி, வாசலைத் தாண்டினால் கண்டெய்னர் லாரிகள். சனிக்கிழமை மாலை ஆனால் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுவேன். ஸ்டெல்லாவே வண்டிச் சாவியை எடுத்துக் கொடுப்பாள். "போய்ட்டு வாய்யா, உன் மூஞ்சி செரியில்ல" என்பாள்.

பாதி நாள்தான் கிடைத்தது என்றால் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை. முழு நாள் கிடைத்தால் காஞ்சிபுரம், செய்யாறு, ஆரணி, போளூர் என்று ஓட்டிக்கொண்டே போய் ஜவ்வாது மலை. அங்கே சாலையைவிட்டு விலகிக் கொஞ்சம் ஏறினால் ஒரு பாறை இருக்கிறது. சுற்றிலும் இடுப்பளவு புல். அந்தப் புல்லில் மல்லாந்து படுத்துக்கொள்வேன். சில நேரம் காற்றும் நின்றுவிடும். அப்போது உலகத்தில் ஒரு சத்தமும் இருக்காது, என் மூச்சைத் தவிர. யாராவது கூட வந்தால் அது கிடைக்காது என்பதால் யாரையும் கூட்டிப்போனதில்லை. ஸ்டெல்லா வருகிறேன் என்று கேட்டதும் இல்லை.

குளிர் வந்த அன்றைக்குக் கம்பெனி நர்ஸ் கொடுத்த மாத்திரையில் காய்ச்சல் இறங்கியது. சாயங்காலம் திரும்ப ஏறியது. மண்டை இரண்டாகப் பிளப்பதுபோல் வலி. கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. பக்கத்து கிளினிக்கில் டெங்குவுக்கும் டைபாய்டுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் இல்லை. டெங்கு இல்லையாம் என்று தெருவெல்லாம் சந்தோஷப்பட்டது. குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் அதே பெஞ்ச், அதே குளுக்கோஸ்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெல்டருக்குப் பொறி படுவது சமையல்காரருக்கு எண்ணெய் தெறிப்பது மாதிரி. காலர் வழியாக உள்ளே இறங்கும் பொறி, பெல்ட் கட்டிய இடத்தில்தான் போய் நிற்கும். பாதி வெல்டில் கையை எடுக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிட்டுத்தான் உதற வேண்டும். எங்கள் லைனில் எல்லாருடைய இடுப்பைச் சுற்றியும் கறுப்புப் புள்ளிகள் உண்டு. உடை மாற்றும் அறையில் சட்டையைக் கழற்றினால், புதுசா ஒண்ணு வாங்கியிருக்க போல என்று ஒருவரை ஒருவர் கிண்டல் பண்ணிக்கொள்வோம்.

காய்ச்சல் வருவதற்கு முன்பே என் அரைஞாண் கயிற்றுக்குக் கீழே புதிதாக ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. பட்டாணி அளவு, சுற்றிலும் சிவந்த வளையம். குளிக்கும்போது பார்த்தேன். பொறி என்று நினைத்தேன், மறந்தேன். கிளினிக் டாக்டரும் அதைப் பார்த்துக் கேட்டார். வெல்டிங் பொறி என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வேறு தொழில் செய்கிறவனாக இருந்தால் அந்தப் புள்ளியைப் பார்த்துப் பயந்திருப்பான்.

மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஸ்டெல்லா ஆட்டோ பிடித்தாள். அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரி. இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை எனக்கு. ஒரு பெண் டாக்டர் வந்தார், இளவயதுதான், தூக்கமில்லாத கண். ஆனாலும் அவசரப்படாமல் காதுமடலின் பின்புறம், அக்குள், முழங்கால் மடிப்பு என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அரைஞாண் கயிற்றைத் தூக்கியதும் நின்றார்.

"இது என்ன?"

"வெல்டிங் பொறி மேடம்."

"பட்டப்போ வலிச்சுதா?"

யோசித்தேன். என் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு பொறித் தழும்பும் எந்த வேலையில், எந்த மெஷினில் பட்டது என்று என்னால் சொல்ல முடியும். இதற்கு மட்டும் எதுவும் நினைவில் இல்லை. பதில் சொல்ல மூச்சும் இல்லை. சுவரோரம் நின்றிருந்த ஸ்டெல்லா சொன்னாள்:

"மேடம், ஒவ்வொரு பொறிக்கும் வூட்டுக்கு வந்து கத்துவாரு. நாந்தான் மருந்து போட்டுவுடுவேன். இதுக்கு ஒரு வார்த்த சொல்லல."

டாக்டர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். காட்டில், புல்லில் எங்கேயாவது படுத்தீர்களா என்று கேட்டார். கிட்டத்தட்ட இரண்டு வாரத்துக்கு முன்னால் மலைக்குப் போனதையும் ஸ்டெல்லாதான் சொன்னாள்.

நோயின் பெயர் ஸ்க்ரப் டைஃபஸ் (உண்ணிக் காய்ச்சல். புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத உண்ணிக் குஞ்சு கடிப்பதால் கிருமி ரத்தத்தில் சேர்வது). கடிக்கும்போது தெரியாது. சிலருக்குக் கடித்த இடத்தில் எஸ்கார் (கறுத்த பொருக்கு, சிகரெட்டால் சுட்டதுபோல் இருக்கும்) உண்டாகும். அது வலிக்காது, அரிக்காது. பொறி பட்ட தீப்புண் என்று நான் நினைத்தது அதைத்தான்.

ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் டாக்சிசைக்ளின் (இந்தக் காய்ச்சலுக்கான கிருமிக்கொல்லி மருந்து) தொடங்கினார்கள். நாள் தள்ளிப் போனதால் நுரையீரல் வீங்கி நீர் கோத்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் முகத்தை இறுக்கிப் பிடித்துக் காற்றை உள்ளே தள்ளும் ஒரு முகமூடியை மாட்டினார்கள். அந்த நாட்களைப் பற்றி என்னிடம் சொல்வதற்கு அதிகம் இல்லை. காலையா மாலையா தெரியவில்லை. ஒரு மூச்சு முடிந்தால் அடுத்த மூச்சு. அதற்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லை. ஒரு கட்டத்தில், இது போதும் என்றுகூட நினைத்தேன். அப்போதெல்லாம் அந்தப் பாறையை நினைத்துக்கொள்வேன். இங்கிருந்து எழுந்தால் அங்கே போய்ப் படுக்க வேண்டும், அந்த அமைதியில் ஒரு நாள். வேறு எதற்கும் ஆசைப்படவில்லை.

வெளியே நடைபாதையில் ஸ்டெல்லா பாய்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தாள் என்று பிற்பாடு தெரிந்தது. டாக்டர் அவளிடம் எதையும் மறைக்கவில்லையாம். மருந்து வேலை செய்தால் பிழைப்பார், பார்ப்போம் என்றாராம். அவள் அதை என்னிடம் சொன்னது வெகு நாள் கழித்துத்தான்.

மருந்து வேலை செய்தது. காய்ச்சல் விட்டது, முகமூடியைக் கழற்றினார்கள், வார்டுக்கு மாற்றினார்கள். கஞ்சி குடித்தேன். பக்கத்தில் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தச் சொல்லுங்கள் என்று நர்ஸிடம் கேட்டேன். எந்த மோட்டார் என்றார். மறுநாளும் கேட்டேன். இங்க மோட்டாரே இல்லண்ணா என்றார்.

சத்தம் என் காதுக்குள் இருந்தது.

காது டாக்டர் பரிசோதித்துவிட்டு, இந்தக் காய்ச்சல் சிலருக்குக் காது நரம்பைத் தொடும் என்றார். கேட்கும் திறன் கொஞ்சம் குறைந்திருக்கிறது, கூடவே டின்னிடஸ் (வெளியே சத்தம் இல்லாமலே காதுக்குள் கேட்கும் இரைச்சல்). பலருக்குக் குறைந்துவிடும், சிலருக்கு அப்படியே தங்கிவிடும், உங்களுக்கு எப்படி என்று இப்போது சொல்ல முடியாது என்றார். வெல்ட் ஷாப் இரைச்சல் வேண்டாம் என்று எழுதியும் கொடுத்தார். இப்போது நான் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன், கண்ணாடி அறைக்குள். கம்பெனியிலேயே அமைதியான இடம் அதுதான். எனக்கு மட்டும் அங்கேயும் காதுக்குள் லைன் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிழைத்ததற்குச் சந்தோஷப்படாமல் இதற்கு அழுகிறானே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. உயிரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எதற்காக உயிரோடு இருந்தேனோ அதை எடுத்துக்கொண்டதுபோல் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். நோயிலிருந்து எழுந்தவர்களிடம் எல்லாரும் நன்றியை எதிர்பார்க்கிறார்கள். கோபமும் வரும், வந்தால் பயப்படாதீர்கள்.

தனியாகச் சுற்றுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தனியாகப் போனவனுக்கு முதுகைப் பார்க்க ஆள் கிடையாது. திரும்பி வந்ததும் குளித்துவிட்டு, அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, முழங்கால் மடிப்பு, பெண்களானால் மார்புக்குக் கீழே, எல்லாம் பாருங்கள். எட்டாத இடத்தை வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும், புல்லில் படுத்தேன் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

அம்மா ஊரிலிருந்து தினமும் போன் பண்ணினாள். "ஐயா, மலையும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம், நீ பெழச்சு வந்ததே போதும்" என்று அழுதாள். நானும் போவதாக இல்லை. உடம்பு சரியில்லை என்று வெளியே சொல்லிக்கொண்டேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியதும் உண்மைதான். ஆனால் உண்மையான பயம் வேறு. இங்கே இருக்கும்வரை, ஊர்ச் சத்தத்தில் காதுச் சத்தம் கலந்துவிடும். அங்கே போய், அந்தப் பாறையில் உட்கார்ந்து, அங்கேயும் மோட்டார் ஓடினால்? அப்புறம் போக இடமில்லை.

கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்டெல்லா வண்டிச் சாவியோடு வந்து நின்றாள். ஹெல்மெட்டும் கையில் இருந்தது.

"இந்தவாட்டி நானும் வரேன். நீ பேசாத, நானும் பேசல."

மறுக்க முடியவில்லை. அவள் என் பின்னால் உட்கார்ந்து அவ்வளவு தூரம் போவது அதுதான் முதல் தடவை. போளூரில் இட்லி சாப்பிட்டோம். பாறைக்கு ஏறும் வழியில் பேண்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளச் சொன்னேன். செருகிக்கொண்டு, பூச்சிக்குத் தைலமும் தடவிக்கொண்டு சிரித்தாள். முன்பு ஒரே மூச்சில் ஏறிய இடம். இப்போது பல இடத்தில் நின்றேன். அவளும் நின்றாள். நிற்கும்போதுதான் வழியில் ஒரு நாவல் மரம் இருப்பதையே பார்த்தேன். இத்தனை வருஷம் அதைக் கடந்துதான் போயிருக்கிறேன்.

புல்லில் இறங்காமல் பாறை மேலேயே தார்ப்பாய் விரித்து உட்கார்ந்தோம். காற்று நிற்பதற்காகக் காத்திருந்தேன். புல் நுனிகள் அசையாமல் நின்றால் காற்று நின்றுவிட்டது என்று அர்த்தம். நின்றன.

என் காதுக்குள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் கேட்டதைவிடத் தெளிவாகக் கேட்டது. அழுகை வந்தது. ஸ்டெல்லா தேற்றவில்லை, பேசமாட்டேன் என்று சொன்னவள் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நான்தான் கேட்டேன்.

"உனக்கு என்ன கேக்கு?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பேக்கிங் பெல்ட்டுக்கும் காம்பவுண்டு டிவிக்கும் நடுவில் இத்தனை வருஷம் இருந்தவள்.

"ஒண்ணுமே கேக்கல" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னாயா இது, ஒண்ணுமே கேக்கல" என்றாள்.

அப்படியென்றால் அந்த அமைதி அங்கேதான் இருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒரு கோடு உண்டு அவளுக்கு. பிறவியிலேயே உள்ளது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது மெல்ல மெல்ல இளகியது.

வெயில் பாறையைவிட்டு இறங்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. போகலாமா என்று நானும் கேட்கவில்லை.