திரைக்கு வெளியே மூன்று சலாம்

ஷைஸ்தா ஜெயித்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது. இரண்டு வயதில் வந்த மஞ்சள்காமாலையை ஜெயித்தாள். நான்காம் வகுப்போடு பள்ளியில் தமிழ்ப் பிரிவை மூடியபோது, ஓர் எழுத்துகூடத் தெரியாத இந்திப் பிரிவில் போய் உட்கார்ந்து, அந்த வருடக் கடைசியில் முப்பத்தெட்டுப் பேரில் ஆறாவதாக வந்தாள். 'பொட்டப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் என்னத்துக்கு' என்று கேட்ட பெரிய மாமாவின் ரேஷன் கார்டில் தப்பாக விழுந்திருந்த பெயரைத் திருத்திக் கொடுத்து அவர் வாயை அடைத்தாள். மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. ஐ.டி. முடித்தாள், எழுபத்தொன்று புள்ளி நான்கு சதவீதம். செம்பூரில் வேலை வாங்கினாள். கடைசியாக, திறந்து கிடந்த ஒரு வாசலை நாற்பத்தொரு குடும்பங்களுக்காகச் சாத்த வைத்தாள்.

அந்தக் கடைசி வெற்றியைத்தான் முழுதாகச் சொல்ல வேண்டும். சந்தில் அது யாருக்கும் தெரியாது.

வீடு தாராவியில், தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் நாலாவது சந்து. கீழே தோல் பை தைக்கும் பட்டறை. வெளியே இரும்பு ஏணி ஏறினால் ஒற்றை அறை. அங்கே ஷைஸ்தாவும் அவளைவிட ஆறு வயது மூத்த அக்கா ஹபீபாவும் உம்மாவும் இருந்தார்கள். வாப்பா ஜெயினுலாப்தீன் தவறிப்போய் ஐந்து வருடம். ஹபீபா ஏழாம் வகுப்போடு நின்றவள். பட்டறைப் பைகளுக்கு உள்துணி தைப்பாள். சந்துப் பெண்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பதும் அவள்தான். கையெழுத்து அச்சுப் போல இருக்கும்.

செம்பூரில் ஷைஸ்தாவின் வேலை, மற்றவர்கள் செய்துவைத்த செயலிகளில் பட்டன்களை அமுக்கிப் பார்த்து, எது ஓடவில்லை என்று எழுதிக் கொடுப்பது. யாரும் அமுக்காத இடத்தில் அமுக்கிப் பார்க்கும் விரல் அவளுக்குப் பிறவியிலேயே உண்டு. பக்கத்து நாற்காலி பத்மஜா, மாட்டுங்காக்காரி. ஒருநாள் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே ஷைஸ்தா கேட்டாள்: "பத்மஜா, நீ டீப் வெப்புக்குப் போயிருக்கியா?"

"நீயும்தான் தினம் போறே. மெயில் பாக்கறியோல்லியோ? சம்பளச் சீட்டு பாக்கறே. தேடினா கெடைக்காம கதவுக்குப் பின்னாடி இருக்கறது எல்லாமே டீப் வெப்தான். முக்கால்வாசி வெறும் ஆபீஸ் குப்பை."

"அப்போ எல்லாரும் பயந்துக்கிறது?"

"அது அதுக்குள்ள ஒரு மூலை. முகமூடி போட்டுண்டு போற எடம். அதுக்குத் தனி பிரௌசர். போறது தப்பில்லை, எதையாவது எடுத்துண்டு வர்றதுதான் தப்பு. ஆனா உன்னை மாதிரி எதைப் பாத்தாலும் கை வைக்கறவா போகப்படாது."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஷைஸ்தாவுக்கு ஜன்னலுக்கு வெளியே இருந்த ஊர் வேறு மாதிரித் தெரிந்தது. போன் வரைபடத்தில் அவர்கள் சந்து கிடையாது. தொண்ணூறடி ரோடு தடித்த மஞ்சள் கோடாக இருக்கும். அதற்கு இந்தப் பக்கம் சாம்பல் நிறத்தில் வெறும் திட்டு. அந்தத் திட்டுக்குள் பப்படம் காயும், பானை வேகும், பக்கத்து வீட்டு அகிலாண்டத்தக்கா தலையில் துண்டு கட்டிக்கொண்டு கல் தரையைக் கழுவிவிடுவாள். வரைபடத்துக்குத் தெரியாததால் இதெல்லாம் இல்லாமல் போய்விடுமா? உலகம் முழுக்க அப்படிச் சாம்பல் திட்டுகள் இருக்கின்றன, அவற்றுக்குள்ளும் யாரோ தரையைக் கழுவுகிறார்கள் என்று நினைத்தபோது, அவளுக்கு உடம்பு லேசாகிவிட்டது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள்.

ஹபீபாவிடம் மறைக்கத் தெரியாது. சொன்னாள்.

"போய்த்தான் தீரணுமா?" என்றாள் ஹபீபா, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே.

"சும்மா பாக்கத்தான் லாத்தா."

"சும்மா பாக்கப் போறவளுக்குத் துணைக்கு ஆள் வேணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம், அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் நடுவுல மட்டும். வாசலைப் பாத்து உக்காரணும். நான் பக்கத்துல இருப்பேன். போற எடம், திரும்புற நேரம், ரெண்டும் நான் எழுதுவேன்."

"எனக்கு என்ன வயசு லாத்தா?"

"இருவத்தி நாலு. அதனாலதான் விடுதேன். இருவதுன்னா விடமாட்டேன்."

அப்படித்தான் தொடங்கியது. ஆபீஸில் கழித்துப்போட்ட லேப்டாப், மடியில் தலையணை, பக்கத்தில் ஹபீபாவின் நீல நோட்டு. ஒரு ஞாயிறு எங்கோ ஒரு தீவில் நூறு வருடத்துக்கு முன் யாரோ தினமும் மழையை அளந்து எழுதிவைத்த ஏடுகளைப் பார்த்தார்கள். எந்தத் தேடலிலும் வராத அறை அது. ஏதோ ஒரு நூலகத் தளத்தின் உள்கதவைத் தட்டி, கட்டத்தில் தேதி கொடுத்தால்தான் திறக்கும். ஷைஸ்தா தன் பிறந்த நாளைக் கொடுத்தாள். நூறு வருடத்துக்கு முந்தைய அந்த நாளில் தீவில் மழையே இல்லை. 'வானம் வெளுப்பு, காற்று கிழக்கு' என்று மட்டும் இருந்தது. இருவரும் வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹபீபா அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

முகமூடி மூலைக்கு மூன்று ஞாயிறுகள்தான் போனார்கள். ஒரு பக்கத்தில் ஒரு கடிகாரம் மட்டும் ஓடியது. எந்த ஊர் நேரம் என்று இல்லை. இன்னொன்றில் யாரோ ஒருவர் தினமும் தான் என்ன சமைத்தேன் என்று எழுதிக்கொண்டிருந்தார். பெயர் இல்லை, ஊர் இல்லை. பருப்பு அடிப்பிடித்தது மட்டும் இருந்தது.

"இதை எதுக்குளா ஒளிச்சு எழுதுதாரு?"

"தெரியலையே லாத்தா. அவரு வீட்டுல கேலி பண்ணுவாவளோ என்னமோ."

மூன்றாவது ஞாயிறு ஒரு பக்கம் திறந்தது. மனிதர்களின் அடையாள அட்டைகள், முகங்கள், வீட்டு விலாசங்கள் கட்டுக் கட்டாக விற்பனைக்கு இருந்தன. திருமண ஆல்பத்தில் பார்ப்பது போல முகங்கள். ஷைஸ்தா மூடியைச் சாத்தினாள். கீழே பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. ஹபீபா நோட்டில் நேரத்தை எழுதி, கீழே கோடு போட்டாள். "அந்தப் பக்கம் இனி வேண்டாம்" என்றாள்.

ஆனால் அந்த முகங்கள் எங்கிருந்து வந்திருக்கும் என்ற கேள்வி அவளோடு பஸ்ஸில் ஏறியது, டப்பாவோடு இறங்கியது.

பதில் ஜூன் இருபத்துமூன்றாம் தேதி வந்தது. கூரைமேல் கட்டிய நீலப் பிளாஸ்டிக்கில் மழை விழுந்து அறையே தண்ணீருக்குள் இருப்பது போல நீலமாக இருந்தது. ஹபீபாவின் போனுக்கு ஒரு செய்தி: கல்வி உதவிச் சங்கம் ஒன்றிலிருந்து, பாரத்தைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு இணைப்பு. போன வருடம் சந்தில் நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு அந்தச் சங்கத்துப் பாரத்தை நிரப்பியவள் ஹபீபாதான். பாதிப் பேரிடம் சொந்த போன் இல்லை. இருந்தாலும் எண் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே எல்லாப் பாரத்திலும் தன் எண்ணையே போட்டிருந்தாள். சந்தில் அதுதான் வழக்கம். யாரும் தப்பாக நினைத்ததில்லை.

ஷைஸ்தா லேப்டாப்பில் இணைப்பைத் திறந்தாள். அகிலாண்டத்தக்கா மகள் அம்முவின் பாரம் வந்தது. கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை. முகவரியின் வாலில் ஒரு கோப்பின் பெயர் இருந்தது. அவள் விரல், பழக்கத்தில், அந்த வாலை மட்டும் அழித்துவிட்டுத் தட்டியது.

திரை முழுவதும் பெயர்கள் இறங்கின. அம்மு, போட்டோ. அம்மு, ஆதார். வெயிலுமுத்து மகள், ரேஷன் கார்டு. ராஹில், மதிப்பெண். சந்து முழுவதும், வீடு வீடாக, வெட்டவெளியில் கிடந்தது.

"எதையாவது தொறந்தியா?"

"இல்லை லாத்தா. பேரு மட்டும்தான் தெரியுது."

ஹபீபா, பாரம் நிரப்பியபோது பெயர் குறித்துவைத்த பழைய நோட்டை எடுத்து ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தாள். நாற்பத்தொன்றும் இருந்தன. "ஒண்ணும் ஆவாதுன்னு நான்தான் அவங்ககிட்ட காயிதமெல்லாம் வாங்கினேன்" என்றாள். நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் வழக்கமுள்ளவள், அன்று கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டே இருந்தாள்.

அன்றே ஷைஸ்தா சங்கத்துக்கு ஒரு மெயில் எழுதினாள். புதிதாக ஒரு முகவரி உண்டாக்கி, கீழே 'நலம்விரும்பி' என்று போட்டாள். பதில் இல்லை. அடுத்த ஞாயிறு இரண்டாவது. அதில் எந்த வாசல் திறந்திருக்கிறது, எப்படிச் சாத்த வேண்டும் என்று படிப்படியாக எழுதினாள். கீழே ஒன்றும் போடவில்லை. ஜூலை எட்டாம் தேதி பதில் வந்தது. ஒரே வரி: யார் எழுதுவது?

பத்மஜாவிடம் காட்டினாள். பத்மஜா இந்தத் தடவை கேலி பேசவில்லை.

"பேர் போட்டேன்னா உன் தலையிலதான் விழும். திருடன் வந்தான்னு சொன்னவளையே திருடின்னு பிடிப்பா. போலீஸ்ல ஒரு காகிதம் விழுந்தாப் போதும், இந்த வேலை போயிடும். விட்டுடேன். ரெண்டு தடவை சொல்லியாச்சே."

"சாத்தலையே பத்மஜா. இன்னும் தொறந்துதான் கெடக்கு."

"அது அவா பாடு."

"சந்து எங்களுதுல்லா."

அந்த வாரம் முழுவதும் மழை. வேலை நடுவே ஷைஸ்தாவின் கண் திரையில் இருக்க, மனம் வேறெங்கோ இருந்தது. ஆறு வயதில் நடந்த ஒன்று ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அவர்கள் சந்தில் பகலில் கதவுகள் சாத்துவதில்லை. ஒரு துணித் திரை தொங்கும். திரைதானே என்று உள்ளே போய்விடக் கூடாது. வெளியே நின்று சலாம் சொல்ல வேண்டும். மூன்று தடவை சொல்லியும் சத்தம் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும். எட்டிப் பார்க்கக் கூடாது. அன்று உம்மா அவளை மாமி வீட்டுக்குச் சல்லடை வாங்க அனுப்பியிருந்தாள். சலாம் சொன்னாள். உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்டது. "நான்தான்" என்றாள். திரை அசையவில்லை. மறுபடி "யாரு?" மறுபடி "நான்தான்." வெறுங்கையோடு அழுதுகொண்டு திரும்பி வந்தவளை உம்மா அங்கேயே திருப்பி அனுப்பினாள்: "யாருன்னு கேட்டா நான்னா சொல்லுவாக? எல்லாரும்தான் நானு. பேரைச் சொல்லுளா." போய், திரைக்கு வெளியே நின்று, "ஷைஸ்தா" என்றாள். சல்லடை பிடித்த கை உடனே வெளியே வந்தது.

பதினான்காம் தேதி ஞாயிறு. அஸர் தொழுகை முடிந்து ஹபீபா நோட்டோடு உட்கார்ந்தாள்.

"ரெண்டு சலாம் ஆச்சு" என்றாள் ஷைஸ்தா. "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு லாத்தா."

ஹபீபாவுக்குப் புரிந்தது. "வேலை போச்சுன்னா?"

"போனா உள்துணி தைக்கேன். நீ சொல்லித் தர மாட்டியா?"

"உன் தையலை எவன் வாங்குவான்? நேர்கோடே வராது உனக்கு." ஹபீபா குனிந்து பேனா மூடியைக் கழற்றினாள். "எழுது. ஆனா என் எண்ணையும் போடு. பாரம் நிரப்பினவ நான். கூப்பிடணும்னா என்னையும் கூப்பிடட்டும்."

ஷைஸ்தா சொந்த மெயிலிலிருந்து எழுதினாள். முதல் வரி சலாம். எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன செய்து அந்தப் பட்டியல் வந்தது, எந்தக் கோப்பையும் திறக்கவில்லை என்பது, ஹபீபாவின் நோட்டில் இருந்தபடியே மணி நிமிடத்தோடு. இப்படி ஒரு நோட்டு உதவும் என்று அதுவரை இருவரும் நினைத்ததில்லை. சாட்சியாக அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துச் சேர்த்தாள்.

அனுப்பும் முன் விரல் நின்றது. நீல வெளிச்சத்தில் அறை மிதப்பது போல இருந்தது. தீவின் மழை ஏடு, ஊரில்லாத கடிகாரம், பருப்பு அடிப்பிடித்த மனிதர், எல்லோரும் எங்கோ திரைகளுக்குப் பின்னால் காது கொடுத்துக் கேட்பது போல. கீழே அம்மு யாரையோ கூப்பிட்டுக்கொண்டு மழையில் ஓடினாள். ஷைஸ்தா பட்டனை அமுக்கினாள்.

செவ்வாய்க்கிழமை காலை அந்த முகவரியைத் தட்டினால் 'அனுமதி இல்லை' என்று வந்தது. பிற்பகலில் ஹபீபாவுக்கு ஒரு போன். சங்கத்திலிருந்து ஒரு பெண், குரல் இறங்கியிருந்தது. பாரங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதாகவும், இனி ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் வாங்கித் தரும்படியும் கேட்டாள். யாரும் எடுத்துப் போயிருக்கிறார்களா என்பது தெரியவில்லை என்றும் ஒளிக்காமல் சொன்னாள். கடைசியில், "ஷைஸ்தா இருக்காங்களா? நன்றி சொல்லணும்" என்றாள். ஹபீபா அன்று மாலையே நாற்பத்தொரு வீட்டுக்கும் போய், ஒவ்வொரு திரைக்கும் வெளியே நின்று சலாம் சொல்லி, புது எண் கேட்டு எழுதினாள். காரணம் கேட்டவர்களிடம் "பாரத்துல நான் செஞ்ச தப்பு" என்றாள்.

ஷைஸ்தா அதற்கு முன்னும் எத்தனையோ இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எல்லாம் யாரோ பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, இங்கே போடு என்று காட்டிய கட்டங்களுக்குள். யாரும் காட்டாமல், தானாக, தன் பெயரைக் கீழே எழுதியது அதுதான் முதல் தடவை. நீல நோட்டில் அந்த வரி இப்படி இருக்கிறது:

போன இடம்: சங்கத்தின் வாசல். கையெழுத்து: ஷைஸ்தா ஜெயினுலாப்தீன். மாலை ஆறு மணி பத்து நிமிடம், 2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை.