ஐந்தாம் எண்

அப்பாவுக்குத் தெரியாது. அவர் இறந்த பிறகான எட்டு நாளும் ஜூசிலேனியைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்த ஒரு நினைப்புதான்.

அப்பா ஒரோசிம்போ, மதுரேய்ரா பகுதியில் முப்பத்தோரு வருடம் பேருந்து நடத்துநர். ஞாயிறு மதியம் மட்டும் கவாக்கிஞ்ஞோ வாசிப்பார்: நாலு தந்தி, கைக்குழந்தை அளவு கிட்டார். தன் வீட்டுப் பின்முற்றத்தில் ஒரு மேசையைப் போட்டு அந்த வட்டாரத்தில் பகோஜி என்ற பாட்டுக்கூடலைத் தொடங்கியவரே அவர்தான். மேடை கிடையாது. மேசையைச் சுற்றி வாசிப்பவர்கள். அவர்களைச் சுற்றித் தெருவே நின்று கைதட்டிப் பாடும். பீன்ஸ் கொதிக்கும் அடுப்படியிலிருந்தும் பல்லவிக்குக் குரல் வரும்.

பிறகு அதைவிடச் சத்தமான தந்திக்கருவி, பான்ஜோ, வந்தது. கூட்டம் பெருகி, பாட்டு கிளப் கூடத்துக்குப் போனது. மைக்குகள் வந்தன. அவருடைய தந்தி அமுங்கிப்போனது. மின்னணுவியல் படித்த மகள் கருவிக்குள் ஒலிவாங்கியும் பேட்டரியும் பொருத்தினாள்.

"இப்ப கடைசி வரிசைக்கும் கேக்கும்ப்பா."

ஒவ்வொரு கருவியின் சத்தத்தையும் ஏற்றி இறக்க அவள் உட்காரும் ஒலிப் பலகையில் அவர் ஐந்தாம் எண்.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் விரல்கள் தாளத்துக்குப் பின்தங்கின. குழுவை நடத்தும் எடர் பலகைக்கு வந்து குனிந்தான்.

"ஜூ, உங்கப்பா பஸ்ஸு ஒரு ஸ்டாப் லேட்டாவே வருது. அஞ்சை மூடிரு. அவருக்கா தெரியப்போவுது?"

மூடினாள். ஒவ்வொரு ஞாயிறும் மூடினாள். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து, வயரை மாட்டிக்கொண்டு, நாலு மணி நேரம் வாசித்தார். பக்கத்தில் இருந்த கொட்டுச் சத்தத்தில் அவருக்கு எப்படித் தெரியும் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

ஒருமுறை கேட்டாள்: "பேட்டரி மாத்தட்டுமாப்பா?"

"எதுக்கும்மா வீணா? பழசே ஓடுது."

ஏழாம் நாள் பூசைக்கு மறுநாள் ஞாயிறு. எடர் அவருடைய நாற்காலியைக் காலியாக விட்டு, எதிரே ஒரு கிளாஸ் பீர் ஊற்றி வைத்தான்.

"முதல் பாட்டு அவரு கவாக்கிஞ்ஞோவுல நான் வாசிக்கிறேன். அஞ்சை நல்லா ஏத்து ஜூ. எல்லாரும் அழணும்."

உச்சம்வரை ஏற்றினாள். சத்தமில்லை. வயரை மாற்றினாள். இல்லை. கருவியை வாங்கித் திருப்பி, பின்மூடியைத் திறந்தாள். பேட்டரி இருக்கவேண்டிய குழியில் பஞ்சு. மூடி கடகடக்காமலிருக்க இறுக்கி அடைத்த, பழுப்பேறிய பஞ்சு.

"பேட்டரிதானே? உன் பையில இருக்குமே, போடேன். ஜனம் நிக்குது."

"வேணாம்."

"அப்புறம் யாருக்குக் கேக்கும்?"

"ரெண்டு வருஷமா யாருக்குக் கேட்டுச்சு?"

பஞ்சை எடுக்காமலே மூடி, கருவியை எடரிடம் நீட்டினாள். பலகைக்குத் திரும்பி உட்கார்ந்தாள். முதல் கொட்டு விழுந்ததும் அவள் விரல், பழக்கத்தில், ஐந்தை இறக்கியது.