நவரைப் பருவத்தில் ஒரு கணக்கு வகுப்பு

கரும்பலகையைத் துளைத்தால் கறுப்புத் தூள் கொட்டும் என்றுதான் நினைத்திருந்தோம்; கொட்டியது செங்கல் தூள். சூடேறிய சிமெண்டு வாசனை மூக்கில் ஏற, துளைபோடும் மெஷினின் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு பத்தாம் வகுப்பு மொத்தமும் வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்தோம். உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் வழியில் இருந்த எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு அன்றைக்குத்தான் "ஸ்மார்ட் போர்டு" வந்தது. சுவரோடு சுவராகச் சிமெண்டு பூசி, வாரந்தோறும் கோவை இலையும் அடுப்புக்கரியும் வைத்து நாங்களே தேய்த்துக் கறுப்பேற்றிய பலகையின் நட்டநடுவில் அதைக் கொண்டுபோய் மாட்டினார்கள். முன்சுவரில் மாட்டவேண்டும் என்று உத்தரவாம். முன்சுவரில் என்ன இருக்கிறது என்று உத்தரவு போட்டவர்கள் கேட்கவில்லை. மாட்ட வந்தவருக்கோ பொழுது சாய்வதற்குள் அடுத்த பள்ளிக்குப் போகவேண்டிய அவசரம்.

முதல் வாரம் திருவிழாதான். இதயம் துடித்தது, பூமி சுற்றியது, பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கினார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் திரைமேலேயே வைத்துவிட்டோம்; அந்த மூலை அதற்குப் பிறகு தொட்டாலும் அசையவில்லை. தலைமையாசிரியர் பயந்துபோய் மஞ்சள் துணி போட்டு மூடி, அதன் பக்கத்தில் சாக்பீஸ் தூசியே பறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். கணக்கு டீச்சருக்கு மிஞ்சியது திரைக்கு இரண்டு பக்கமும் முழம் அகலத்துக்குக் கரும்பலகை. அதில் கூட்டல் கழித்தல் போடலாம். வட்டத்துக்குத் தொடுகோடு போட முடியுமா? கணக்கில் தட்டுத்தடுமாறும் பிள்ளைகளைக் கரையேற்றுவதே வடிவியலும் வரைபடமும்தான்.

என் பக்கத்தில் உட்காரும் கஸ்தூரி அப்படித் தட்டுத்தடுமாறுகிறவள். தேறினால் உத்திரமேரூரில் பதினொன்றாம் வகுப்பு, தேறாவிட்டால் கம்பெனி வேன் என்று அவள் அம்மா முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். விடியற்காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போகும் அந்த வேனின் ஹாரன் கேட்டாலே அவள் முகம் சுண்டிவிடும்.

தை பிறந்ததும் நவரை நெல் நடவு தொடங்கியது. ஏரிக்கரை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்துதான் பள்ளிக்கும் கரண்ட், வயல் மோட்டாருக்கும் கரண்ட். மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் டியூப் லைட்டே கண் சிமிட்டும். திரை அணைந்தே போகும். எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரிந்த இந்த விஷயம் அந்தத் திரையை வாங்கியவர்கள் யாருக்கும் தெரியாமல் போனதுதான் வேதனை. "எனக்கு ஒரு சுவரு குடுங்க சார், போதும்" என்று கணக்கு டீச்சர் கேட்டுப் பார்த்தார். பின்சுவர் மழையில் ஊறிப் பொரிந்து கிடந்தது. மற்ற இரண்டிலும் ஜன்னல். திரையைக் கழற்றலாம் என்றால், அரசாங்கச் சொத்து, யார் பதில் சொல்வது என்று தலைமையாசிரியர் கையை விரித்துவிட்டார்.

பள்ளிக்குப் பக்கத்திலேயே ஓடிய மோட்டார் கஸ்தூரியின் அப்பாவுடையது. கணக்குப் பாடவேளையில் மட்டும் நிறுத்தச் சொல் என்று தலைமையாசிரியர் வகுப்பிலேயே அவளிடம் சொன்னார். அதற்கப்புறம் திரை அணையும்போதெல்லாம் மொத்த வகுப்பும் அவளைத்தான் திரும்பிப் பார்த்தது. அவள் அப்பா மறுபேச்சுப் பேசாமல் நிறுத்தினார். சில நாள் திரை எரிந்தது, டீச்சர் விரலால் வட்டம் வரைந்தார், அது பாதியில் நின்றது, மறுபடி வரைந்தார். ஆனால் வயலுக்கு முழுக் கரண்ட் கிடைப்பதும் அதே நேரத்தில்தான். ஒரு சாயங்காலம் நானும் கஸ்தூரியும் வரப்பு வழியாக வீடு திரும்பும்போது பார்த்தோம்: கதிர் விடப்போகும் பயிரின் காலடியில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அவள் அப்பா மோட்டார் கொட்டகை வாசலில் குந்தியிருந்தார். கஸ்தூரி அவரிடம் சொன்னாள்.

"நீ மோட்டார ஓட்டு நைனா. நான் எப்டியாச்சும் படிச்சிக்கிறேன்."

"பரீட்சை கீதே கண்ணு" என்றார் அவர்.

"பயிரும்தான் கீது."

நவரை விளைந்தது. கஸ்தூரி கணக்கில் தேறவில்லை. வடிவியலை டீச்சர் வாயால் சொல்லச் சொல்லத்தான் நோட்டில் போட்டோம். எனக்கு எப்படியோ பிடிபட்டது, அவளுக்குப் பிடிபடவில்லை. அவளை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பிய காலையில் எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

இப்போது என் மகளும் கஸ்தூரியின் மகனும் அதே பள்ளியில் ஆறாவது படிக்கிறார்கள். போன மாதம் பெற்றோரைக் கூப்பிட்டு, சுவரையே அடைக்கிற புதுத் திரையைக் காட்டினார்கள். கரண்டுக்கு இப்போது ஒரு குறையும் இல்லை. வயல்களெல்லாம் பிளாட்டாகி, கஸ்தூரி அப்பாவின் நிலத்திலும் மஞ்சள் கல் நட்டுவிட்டதால், நவரைக்கு மோட்டார் போட ஆளில்லை. முழம் அகலக் கரும்பலகையும் போய்விட்டது. கணக்கு டீச்சர் ஓய்வுபெற்றபின் அந்த இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை.

புதுத் தலைமையாசிரியர் தன்மையானவர், குறை சொல்லக்கூடாது. திரையில் ஒரு வட்டம் தானாகவே வரைந்துகொண்டு, தானாகவே தொடுகோடும் போட்டது. நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலேயே வந்திருந்த கஸ்தூரி அதைக் கடைசிவரைக்கும் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"நல்லா கீது சார். கணக்குக்கு டீச்சர் எப்ப வருவாங்க?"

மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகவும், அதுவரைக்கும் பாடமெல்லாம் இதிலேயே வந்துவிடும் என்றும் அவர் சொன்னார்.

"என் புள்ளைக்கு வெளங்கலன்னா?"

"திரும்பப் போட்டா திரும்பச் சொல்லும்மா. எத்தனை வாட்டி வேணும்னாலும் சொல்லும்."

"அதையேதான சார் சொல்லும்?" என்றாள் கஸ்தூரி.