மட்கார்டுக்கு மாவுக்கட்டு

சாலையோரம் நிறுத்திவைத்த கார் எதைக் கண்டாலும் அக்கா குனிந்துவிடுவாள். தோளில் தொங்கும் பையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, கன்னத்தைக் கதவுக்கு ஒட்டினாற்போல் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பெயின்ட் பளபளப்பில் தெரியும் விளக்குக் கம்பத்தைப் பார்ப்பாள். கம்பம் நேராகத் தெரிந்தால் "ம்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நெளிந்து தெரிந்தால், "அரை இஞ்சுக்குப் பட்டிய அப்பியிருக்கான், படுபாவி!" என்பாள். பட்டி என்பது நசுங்கிய தகரத்தின் மேல் பூசி மேடுபள்ளத்தை நிரவும் பசை. காரின் சொந்தக்காரர் வந்து, "என்னம்மா, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டால் கொஞ்சமும் தயங்காமல் "கம்மல்" என்று சொல்வாள். இரண்டு கம்மலும் காதில்தான் இருக்கும்.

இந்தப் புதுப் பழக்கம் தொற்றுவதற்கு முன் அவள் கண் போன இடம் மனிதர்களின் மணிக்கட்டு. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு அறை அவளுடையது. உடைந்த எலும்பை டாக்டர் இழுத்து நேராக்கிக் கொடுக்க, மேலே கட்டுப் போடுகிறவள் அவள். தாத்தாக்கள்கூட அவளை 'மாவுக்கட்டு அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கட்டுப் போடும்போது வாய் ஓயாது. "மாடிப்படியில விழுந்தீங்களா? எந்தப் படி? மேலேர்ந்தா கீழேர்ந்தா? செருப்பு போட்டிருந்தீங்களா?" என்று போலீஸ் விசாரணை போலக் கேட்டுக்கொண்டே இருப்பாள். பதில் சொல்லி முடிப்பதற்குள் கட்டு முடிந்திருக்கும். நனைத்த மாவுத்துணி அவள் விரலுக்கு அடியில் வழவழவென்று படியும். ஒரு சுருக்கம் இருக்காது.

ஆஸ்பத்திரியில் இத்தனை பேர் நம்பும் இந்தக் கைக்கு வீட்டில் மட்டும் மதிப்பில்லை. சின்ன வயதில் அவள் கை பட்டு உடையாத சாமான் குறைவு. "அவ கையில குடுக்காத" என்பது அம்மா வாயில் மூச்சு விடுவதைப் போல வரும். அம்மா அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அந்த வாக்கியம் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. இப்போது அதைச் சொல்கிறவன் அண்ணன்.

அண்ணன் கப்பலில் என்ஜின் ரூமில் வேலை பார்க்கிறான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவளும் செய்துகொள்ளவில்லை. அவனுக்கு அவள், அவளுக்கு அவன் என்று மிஞ்சியது அவ்வளவுதான். அண்ணன் நல்லவன், கோபம் வந்தால் கத்தமாட்டான், கை ஓங்கமாட்டான். பேச்சை நிறுத்திவிடுவான். அதுதான் பயம். சித்தப்பா மகனோடு என்றைக்கோ நிறுத்தியவன் இன்றுவரை வாய் திறக்கவில்லை. ஒருமுறை அவனுடைய கேமராவை அக்கா தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டாள். ஞாயிறு தவறாமல் வருகிற போன் ஏறக்குறைய ஒரு வருடம் வரவில்லை. அந்த வருடத்தின் ஞாயிறுகளை நினைத்தால் அவளுக்கு இன்றும் சோறு இறங்காது.

அப்படிப்பட்ட அண்ணனின் உயிர், முற்றத்துக் கொட்டகையில் நிற்கும் பழைய கார். அந்த மாடலைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். காயலான் கடையிலிருந்து துருவும் ஓட்டையுமாக இழுத்துவந்து, லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு பக்கம், ஒரு கதவு என்று அவனே தட்டிக் கொட்டிச் சேர்த்த வண்டி. இன்னும் வண்ணம் ஏறவில்லை. மூக்கிலிருந்து வால்வரை, வண்ணத்துக்கு முன் அடிக்கும் சாம்பல் நிறப் பிரைமர். கிளம்பும்போது சாவியைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு விதி சொன்னான்: "வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி வை, பாப்பா. நகத்தாத."

நகர்த்தினாள். லைசென்ஸ் வாங்கி வருடக்கணக்கில் பெட்டியில் தூங்குகிறது, ஓட்டக் கார் இல்லை. ஒரு காலை என்ஜின் உறுமுகிறது, முற்றம் காலியாகக் கிடக்கிறது, தட்டிக் கேட்க ஆளில்லை. முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். இரண்டாவது 'முன்னால் கொஞ்ச'த்தில் தண்ணீர்த் தொட்டியின் தூண் வந்துவிட்டது. வலது பக்க மட்கார்டு உள்வாங்கி, சப்பிப் போட்ட மாங்கொட்டைபோல் ஆகிவிட்டது. அது அண்ணன் முதன்முதலாக அடித்துச் சரிசெய்த மட்கார்டு. அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். அண்ணன் லீவில் வர இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

முதலில் அவள் செய்த காரியத்தை அவள்தான் செய்ய முடியும். கடையில் பட்டி டப்பா வாங்கி வந்து, தனக்குத் தெரிந்த வித்தையைக் காட்டினாள். பள்ளம் நிறைய அப்பி, நனைத்த விரலால் வழித்து, கட்டுப் போடுகிற மாதிரியே வழவழவென்று முடித்துவிட்டாள். பார்த்தால் குறை சொல்ல முடியாது. அவளே இரண்டு அடி தள்ளி நின்று தன்னைப் பாராட்டிக்கொண்டாள். அடுத்த வாரம் என்ஜினை ஸ்டார்ட் செய்தாள். வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. அத்தனை பட்டியும் ஒரே சில்லாகப் பெயர்ந்து தரையில் விழுந்தது.

ஏன் என்பது மறுநாள் வேலையில் புரிந்தது. டாக்டர் ஒரு அம்மாவின் மணிக்கட்டை இழுத்துக்கொண்டிருந்தார். எலும்பு இடத்துக்கு வரும்வரை அக்கா மாவுத்துணியைத் தண்ணீரில் போடவில்லை. அவள் என்றைக்குமே போட்டதில்லை. எலும்பை நேராக்காமல் எந்தப் பைத்தியமாவது கட்டுப் போடுமா? நினைத்தவுடன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அந்த அம்மா மிரண்டுபோய், "ஏம்மா, என் கை அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றாள்.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு டிங்கர் கடை. நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்துகிறவர், அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். அக்கா விஷயத்தைச் சொல்லி, "எப்படியாவது பண்ணிக் குடு தம்பி" என்று கெஞ்சினாள். அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். முழங்கைவரை மாவுக்கட்டு. கார் கூரைமேல் ஏறி வேலை பார்த்தபோது வழுக்கி விழுந்தவர்.

"நீங்க கட்டுனதுதான்கா. மறந்துட்டீங்களா?"

"அடப்பாவி, நீயா! முகத்த எங்க பாத்தேன், கையத்தான பாத்தேன்."

"இந்தக் கையால சோறுகூடத் திங்க முடியல. வாய் நல்லாருக்கு. வேணும்னா சொல்லித் தரேன், நீங்களே அடிங்க."

அப்படித்தான் ஆரம்பமானது. காலையில் அக்கா டியூட்டிக்குப் போகுமுன் டிங்கர் வந்து, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்துகொள்வார். மட்கார்டின் உட்பக்கம் ஒரு இரும்புக்கட்டியை முட்டுக் கொடுத்து, வெளியிலிருந்து சுத்தியலால் தட்டவேண்டும். பள்ளத்தைத் தட்டக்கூடாது, பள்ளத்தைச் சுற்றி எழும்பியிருக்கிற மேட்டைத் தட்டவேண்டும். மேடு இறங்க இறங்கப் பள்ளம் தானாக ஏறிவரும். "தட்டுங்கன்னா தட்டணும்கா, தண்டனை குடுக்கக் கூடாது" என்பார் அவர். அக்காவுக்குப் பயத்தில் கை ஓங்கிவிடும். எங்கே மேடு என்று கண்ணுக்குத் தெரியாது. பிரைமர் பூச்சு எல்லாவற்றையும் மறைத்துவிடும். உள்ளங்கையை வைத்து நீளவாக்கில் தடவினால்தான் அலை தெரியும். இந்த விஷயத்தில் மட்டும் அவளுக்குப் பாடம் தேவைப்படவில்லை. வீக்கத்துக்கு அடியில் எலும்பைத் தேடிப் பழகிய கை, தகரத்தின் மேட்டை உடனே கண்டுபிடித்தது. டிங்கர் இடது கையால் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு மறுபடி வாளிமேல் உட்கார்ந்தார்.

ஆனால் ஓங்கி அடித்ததற்குத் தண்டனை வந்தது. நடுவில் ஓரிடத்தில் தகரம் இழுபட்டுத் தளர்ந்துவிட்டது. அழுத்தினால் 'டொக்' என்று உள்ளே போகும், விட்டால் 'டொக்' என்று வெளியே வரும். அந்தச் சத்தம் அவள் தூக்கத்திலும் கேட்டது. அதைச் சரிசெய்ய ஒரே வழி, கேஸ் டார்ச்சால் ஒரு பொட்டு அளவு இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, லேசாகத் தட்டி, ஈரத்துணியை வைத்து அமுக்குவது. தகரம் சுருங்கி இறுகும். கொஞ்சம் பிசகினால் ஓட்டை.

"தம்பி, என்னால முடியாது."

"முடியாதுன்னா விடுங்க." அவர் கட்டுப் போட்ட கையை அவள்முன் நீட்டினார். "இத வெட்டி விடுங்க. ஒரே நாள்ல முடிச்சிட்டுப் போறேன். இன்னும் கொஞ்ச நாள்தான, என்ன ஆயிடும்?"

அக்கா அந்தக் கையையே பார்த்தாள். மாவுக்கட்டை வெட்டும் ரம்பம் அவள் பொறுப்பில் இருக்கிறது. யாரும் கேட்கமாட்டார்கள். தேர்ந்த கை மட்கார்டை அடித்துக் கொடுத்துவிடும், அண்ணனுக்குத் தெரியவராது, ஞாயிற்றுக்கிழமை போன் அடித்துக்கொண்டே இருக்கும். வெட்டலாம் என்று வாய்வரை வந்துவிட்டது. நாக்கு நுனியில் நின்றது.

"வெரல மடக்கு."

மடக்கினார். பாதிதான் மடங்கியது, அதற்கே முகம் கோணியது.

"இந்தக் கையோட நீ சுத்தியல் புடிச்சா, அப்புறம் ஆயுசுக்கும் சுத்தியல் புடிக்க முடியாது. வாய மூடிக்கிட்டு டார்ச்சக் குடு."

பற்றவைத்தாள். நீல ஜ்வாலை தகரத்தை நக்கியது. கறுத்தது, பழுப்பானது, நடுவில் ஒரு பொட்டு சிவக்க ஆரம்பித்தது. "எடுங்க!" என்று டிங்கர் கத்துவதற்கும் அவள் கை பின்வாங்குவதற்கும் சரியாக இருந்தது. தட்டினாள். ஈரத்துணியை அமுக்கினாள். ஆவி முகத்தில் அடித்தது. ஆறியபின் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

அன்று மாலை போன். "பாப்பா, சீக்கிரமே ரிலீவ் பண்ணிட்டாங்க. வெள்ளிக்கிழம இறங்கிடறேன்." குரலில் சந்தோஷம். அக்காவும் "அப்படியா, நல்லதாப் போச்சு" என்றாள், அண்ணனுக்குச் சந்தேகம் வராத அளவுக்கு. அதன்பிறகு வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை. ஒரு தாள் கனத்துக்கு மட்டும் பட்டி, அதை உப்புத்தாளால் தேய், தடவிப் பார், மறுபடி தேய். விரல் நுனிகளில் ரேகை அழிந்து, போன் அவள் விரலை அடையாளம் கண்டுகொள்ள மறுத்தது. கடைசிப் பிரைமர் பூச்சு காய்ந்து முடிந்த அன்றே வாசலில் வண்டி வந்து நின்றது.

அண்ணன் தனியாக வரவில்லை, கப்பல் நண்பன் ஒருவனையும் கூட்டிவந்திருந்தான். பெட்டியை இறக்கிவைத்த கையோடு நேரே கொட்டகைக்குப் போனார்கள். அக்கா சமையலறை வாசலில் நின்றாள். அண்ணன் காரைச் சுற்றி வந்தான். இடது பக்கக் கதவுகளைத் தட்டினான். முன்பக்கம் வந்து, வலது மட்கார்டில் உள்ளங்கையை வைத்து நீளத்துக்குத் தடவினான். நின்றான். மறுபடி தடவினான்.

"இதப் பாருடா," என்றான் நண்பனிடம். "மொதமொதல்ல நான் அடிச்சது இது. அப்ப லேசா அலை இருக்குன்னு நெனச்சேன். இல்லவே இல்ல பாரு. கண்ணாடி!"

"ஒடுக்கு எடுத்த எடமே தெரியலயே."

"தெரியக் கூடாது. தெரிஞ்சா அது வேலையா?"

தப்பித்துவிட்டாள். இனி உள்ளே போய் டீ போடவேண்டியதுதான் பாக்கி. பாலை அடுப்பில் வைக்கவும் செய்தாள். ஆனால் கொட்டகையிலிருந்து அண்ணனின் குரல் விடாமல் வந்துகொண்டிருந்தது: அந்த வளைவு எவ்வளவு கஷ்டம், கைக்குப் பக்குவம் வரணும், எல்லார் கைக்கும் வராது. பயம் எழுந்து போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கொட்டகைக்கு வந்தாள்.

"அது நீ அடிச்சது இல்ல."

அண்ணன் சிரித்துக்கொண்டே திரும்பினான். "என்ன பாப்பா?"

"தூண்ல இடிச்சிட்டேன். அப்புறம் அடிச்சு நிமித்தினேன். இடிச்சதும் நான்தான், அடிச்சதும் நான்தான்."

அவன் தண்ணீர்த் தொட்டியின் தூணைப் பார்த்தான். சிமென்ட் பெயர்ந்த இடத்தைப் பார்த்தான். மட்கார்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். முகத்தில் இருந்த சிரிப்பு, கடைக்கு ஷட்டர் இறங்குவதுபோல் மெல்ல இறங்கி மூடிக்கொண்டது. நண்பன் செருமினான். இந்த மௌனம் எத்தனை நீளத்துக்குப் போகும் என்று அக்காவுக்குத் தெரியும். வழக்கமாக இந்த இடத்தில் அவள் அழுவாள், மன்னிப்புக் கேட்பாள், அவன் காதில் எதுவும் விழாது.

இம்முறை அவள் எதுவும் கேட்கவில்லை. முன்சக்கரத்தைத் திருப்பி வைத்தாள், சுவரில் சாய்த்திருந்த அட்டையை எடுத்துத் தரையில் விரித்தாள். டார்ச் லைட்டோடு மல்லாந்து படுத்து, மட்கார்டுக்கு அடியில் நுழைந்துவிட்டாள்.

"வெளிய தடவிப் பாத்தா தெரியாதுண்ணா," என்றாள் உள்ளிருந்து. "இங்க வந்து பாரு. தட்டுன தடம் பூரா இங்கதான் இருக்கு. ஓரத்துல பெருசு பெருசா இருக்கே, அது உன்னோடது. இந்தப் பொடிப் பொடியா இருக்கறது என்னோடது. நடுவுல கறுப்பா ஒரு பொட்டு இருக்கு பாரு, அங்கதான் காய்ச்சினேன்."

படுத்த இடத்திலிருந்து அவளுக்குத் தெரிந்தது அண்ணனின் ஷூ மட்டும்தான். "நாம உள்ள போலாமாடா?" என்று நண்பன் கேட்டான். ஷூக்கள் இரண்டும் வீட்டுப் பக்கம் திரும்பின. அக்கா டார்ச்சை இறக்கவில்லை. தூக்கிய கை வலித்தது, இன்னொரு கையை அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டாள். வெளிச்சம் அந்தக் கறுப்புப் பொட்டின்மேல் அசையாமல் நின்றது.

ஷூக்கள் அங்கேயே நின்றன. பிறகு, இஸ்திரி மடிப்புக் கலையாத கால்சட்டையில் ஒரு முழங்கால் மண்தரையில் வந்து ஊன்றியது.

அட்டையில் இன்னொருவர் படுக்க இடம் விட்டு, அக்கா நகர்ந்து படுத்தாள்.